மூட்டுக்குள் பிறக்கும் வாயு

ரப்பர் மரத்தில் வெட்டு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். புதிதாகத் திறக்கும் மரத்தில் உளி முதலில் படுவது நெஞ்சு உயரத்தில். பிறகு அது இடுப்புக்கு வரும், முட்டிக்கு வரும், சில ஆண்டுகளில் தூருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மரம் வளைந்து கொடுக்காது. வெட்டுகிறவர்தான் மடங்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, நிரைக்குள் இறங்கி, ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம்போல வெட்டி, அதே நிரையில் திரும்ப நடந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்தவர்கள் வடக்கு சிலாங்கூரில் கோலா குபு பாருவைச் சுற்றி ராசா, கெர்லிங், களும்பாங், பத்தாங் காலி, உலு யாம் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். மேற்கே போனால் பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக். தோட்டங்கள் கைமாறிவிட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சில இடங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. அந்த வேலையின் கணக்கு முழங்காலில் மட்டும் தீராமல் கிடக்கிறது.

செம்பனையும் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்த பயிர் அல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனை 1917-இல் இதே வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமராம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. குலை வெட்டும் வேலை தோளையும் முதுகையும் வாங்கும். குலை விழுந்து சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை முழங்காலை வாங்கும்: ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தி, எழுந்து, அடுத்த மரத்தடியில் மறுபடி குந்த வேண்டும். முழங்காலை அடிக்கடி மடக்குவதோடு சுமையும் தூக்கும் வேலை செய்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் முழங்காலில் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991-இல் சொன்னது. அது தோட்டத்தைப் பார்க்காத ஆய்வு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது.

மலேசியாவில் நடந்த ஒரு சமூகக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2007-இல் வெளியாயின. பெரியவர்களில் 9.3 விழுக்காட்டினர் முழங்கால் வலி இருப்பதாகச் சொன்னார்கள். 55 வயதைத் தாண்டியவர்களிடம் அது 23 விழுக்காடாக ஏறியது. பரிசோதித்துப் பார்த்தபோது வலி சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸின் அறிகுறிகள் இருந்தன. இத்தனை பேரைப் படுத்தும் நோய்க்கு வீட்டிலும் கிளினிக்கிலும் கிடைக்கும் விளக்கம் ஒன்றே: வயசாச்சு, எலும்பு தேஞ்சு போச்சு. தேய்ந்ததற்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டவரும் அடங்கிவிடுகிறார், சொன்னவரும் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

இந்த அத்தியாயம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. தேய்வு உண்டு. ஆனால் அது உராய்ந்து உராய்ந்து தானாக நடக்கும் தேய்வு அல்ல. மூட்டுக்குள் உயிரோடு இருக்கும் செல்கள், தங்கள்மேல் விழும் பாரத்தைக் கண்டறிந்து, அதற்கு எதிர்வினையாக வேதிப்பொருள்களைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று வாயு. பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு: ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்ஸிஜன் அணு, அவ்வளவுதான். வாயு என்றதும் கிழங்கும் கடலையும் தின்றால் முட்டியில் பிடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வயிற்றிலிருந்து வருவதில்லை. குருத்தெலும்பின் செல்லே இதைச் செய்கிறது. செய்த சில நொடிகளில் அது வேறொன்றாக மாறிவிடும்.

முதலில் அந்தச் செல் வாழும் இடத்தைப் பார்ப்போம். தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சந்திக்கும் முகங்களில் சில மில்லிமீட்டர் தடிப்புக்குக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. எடையில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகன் வெளியே பிதுங்காமல் கட்டிப்போடுவது இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகள். இவை இரண்டையும் செய்து, பழுது பார்த்து, கழித்துப் புதுப்பிக்கும் செல்கள் மொத்தப் பருமனில் சில விழுக்காடு மட்டுமே. அங்கே இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, ஆக்ஸிஜனும் சொற்பம். அந்தத் தனிமையில் இருந்துகொண்டு அவை தாங்கும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. பெர்லினில் செயற்கை மூட்டுகளுக்குள் அளவுக் கருவி பொருத்தி அளந்தவர்கள் 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாடிப்படி இறங்கினால் ஒவ்வொரு படியிலும் முழங்கால் 200 கிலோவுக்கு மேல் வாங்குகிறது.

இனி அந்த வாயுவின் கதை. நெஞ்சு வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சின்ன மாத்திரை தோட்ட வீடுகளிலும் அறிமுகமானதுதான். அதில் இருப்பது கிளிசரைல் டிரைநைட்ரேட், அதாவது டைனமைட்டில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின். ஆல்ஃபிரெட் நோபலின் கடைசி ஆண்டுகளில் அவருக்கே மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அது இதயத்தின் இரத்தக் குழாய்களை விரிக்கும் என்பது நூறாண்டாகத் தெரியும். எப்படி விரிக்கிறது என்பது தெரியாமலிருந்தது. 1977-இல் ஃபெரிட் முராட், அந்த மருந்து நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகிறது என்று கண்டார். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில், குழாயின் உள் படலம் இருந்தால்தான் அது தளர்கிறது, படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதில்லை என்று காட்டினார். அந்தப் படலம் ஏதோ ஒன்றை வெளியிடுகிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்ஸைடுதான் என்பது 1980-களின் பிற்பகுதியில் உறுதியாயிற்று. லண்டனில் சால்வடோர் மொங்கடாவின் குழு 1987-இல் வெளியிட்ட அளவீடு அதில் முக்கியமானது. ஃபர்ச்காட், முராட், லூயி இக்னாரோ மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. மொங்கடாவின் பெயர் அதில் இல்லாதது நியாயமில்லை என்று அன்றே பலர் சொன்னார்கள். நானும் அந்தப் பக்கம்தான். முழங்கால் பற்றிய கதையிலும் அவருடைய ஆய்வகம் மறுபடி மறுபடி வருகிறது.

உடல் இந்த வாயுவை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. செய்யும் நொதிகள் மூன்று. ஒன்று இரத்தக் குழாயின் உள் படலத்தில், ஒன்று நரம்புச் செல்லில். இவை இரண்டும் தேவைப்படும்போது சொற்ப அளவு செய்து நிறுத்திவிடும். மூன்றாவது, சாதாரண நாளில் இருக்கவே இருக்காது. கிருமியோ அழற்சியோ வந்து, இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள் என்னும் அழற்சித் தூதுப் பொருள்கள் செல்லின் கதவைத் தட்டினால்தான் அந்த நொதி புதிதாக உருவாகும். உருவாகிவிட்டால் மணிக்கணக்காக, நாள்கணக்காக வாயுவைப் பன்மடங்கு செய்துகொண்டே இருக்கும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஐ-நாஸ் என்பார்கள். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் கையில் எடுக்கும் ஆயுதம் அது. முழங்காலில் கொல்லக் கிருமி இல்லை.

ஒரே வாயு கொஞ்சமாக இருந்தால் நல்லதும் அதிகமானால் கேடும் செய்யும் என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ரப்பர் மரத்தைக் காட்டியே சொல்லிவிடலாம். 1925-இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலையம் சிலாங்கூரிலேயே சுங்கை பூலோவில் இருந்தது. அக்கழகத்தின் அப்ரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் மூவரும் 1968-இல், எத்தெஃபான் என்ற மருந்து பால் ஓட்டத்தைக் கூட்டுகிறது என்று எழுதினார்கள். பட்டையில் தடவினால் அது மெல்ல மெல்ல எத்திலீன் வாயுவை வெளியிடும்; வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாமல் பால் நெடுநேரம் ஓடும். அளவோடு தடவினால் வெட்டும் நாள்களையே குறைத்துக்கொள்ளலாம். அளவு மீறிப் பாலை உறிஞ்சினால் பட்டை வறண்டு மரம் பால் கொடுப்பதை நிறுத்திவிடும். மரத்துக்கு எத்திலீன் எப்படியோ, முழங்காலுக்கு நைட்ரிக் ஆக்ஸைடு அப்படி.

குருத்தெலும்புச் செல்லும் இந்த வாயுவைச் செய்யும் என்பது 1991-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் முயலின் செல்களில் கண்டது. 1993-இல் மொங்கடாவின் குழு மனிதச் செல்களிலும் அதைக் காட்டியது. அதற்கு ஓராண்டு முன்பே, அவரும் மற்றவர்களும் மூட்டு நோயாளிகளின் முழங்காலிலிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்திருந்தார்கள். சில நொடியில் மறைந்துபோகும் வாயுவை எப்படி அளப்பது? அது மறைந்த பின் மிஞ்சும் நைட்ரைட்டை அளக்கலாம். அதற்கு 1879-இல் பீட்டர் கிரீஸ் என்ற வேதியியலாளர் கண்ட வினைபொருள் போதும். இங்கிலாந்தின் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். நைட்ரைட் இருந்தால் திரவம் ரோஜா நிறமாகும். நோயுற்ற மூட்டின் திரவத்தில் இருந்த நைட்ரைட், அதே ஆளின் இரத்தத்தில் இருந்ததைவிட அதிகம். ஆக, வாயு வேறெங்கிருந்தோ வந்து சேரவில்லை, மூட்டுக்குள்ளேயே பிறந்திருக்கிறது. 1995-இல் நியூயார்க்கில் அசோக் அமீன், ஸ்டீவன் ஏப்ரம்சன் குழுவினர், மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுத்த குருத்தெலும்புத் துண்டுகளைத் தட்டில் வளர்த்தார்கள். நோயுற்ற துண்டுகள் யாரும் தூண்டாமலே வாயுவை வெளியிட்டன. நலமான துண்டுகள் வெளியிடவில்லை. தேய்ந்துபோன பொருள் என்று அறுவை மேசையிலிருந்து ஒதுக்கிவிடும் துண்டு, இவ்வளவு மும்முரமாக ஒரு வேதிப்பொருளைச் செய்துகொண்டிருந்தது.

அது செய்யும் சேதம் சத்தமில்லாதது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜன் அமர வேண்டிய இடத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு போய் அமர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைந்த இடம் என்பதால் போட்டியில் வாயுவே ஜெயிக்கிறது; செல்லின் ஆற்றல் உற்பத்தி படுக்கிறது. அக்ரிகனும் கொலாஜனும் செய்யும் வேலை மந்தமாகிறது. வளர், பழுது பார் என்று சொல்லும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் வந்தாலும் செல் அதைக் கவனிப்பதில்லை. மறுபக்கம், கொலாஜனையும் அக்ரிகனையும் அறுக்கும் நொதிகள் முடுக்கிவிடப்படுகின்றன. கட்டுவது நின்று இடிப்பது மட்டும் நடக்கிறது. சூப்பர் ஆக்ஸைடு என்ற மற்றொரு துடுக்கான மூலக்கூறு அருகில் இருந்தால் இரண்டும் கண நேரத்தில் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆகும். அது தொட்ட புரதங்களில் நைட்ரோடைரோசின் என்ற தழும்பை விட்டுச் செல்லும். வயதான மூட்டுகளிலும் நோயுற்ற மூட்டுகளிலும் ஆய்வாளர்கள் அந்தத் தழும்பைத் தேடிக் கண்டிருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்ஸைடு குருத்தெலும்புச் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்று 1995-இல் ஓர் ஆய்வு சொன்னது. இன்னொரு ஆய்வு 2002-இல் அதைத் திருத்தியது. வாயு தனியாகச் செல்லைக் கொல்வதில்லை, கூடவே ஆக்ஸிஜனின் அந்தத் துடுக்கான வடிவங்களும் இருந்தால்தான் கொல்கிறது. இந்தத் திருத்தம் முக்கியமானது. பின்னால் மருந்து ஏன் தோற்றது என்று புரிந்துகொள்ள இது உதவும்.

குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்றேன். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்விலிருந்து, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பிலிருந்து, முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டிலிருந்து. இவற்றில் நரம்பும் உண்டு, இரத்தமும் உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடு எந்தச் சுவரையும் கடக்கும். சுற்றுப்புறத்தில் எங்கே பிறந்தாலும் சவ்வுக்குள் போய் இரத்தக் குழாய்களை விரிக்கும். வீக்கமும் சூடும் அதில் ஒரு பங்கு. புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் நொதியை அது முடுக்கிவிடும் என்றும் 1993-இல் காட்டப்பட்டது. புரோஸ்டாகிளாண்டின் வலி நரம்பின் நுனியைக் கூர்மையாக்கும். நாம் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் மாத்திரைகள் தடுப்பது அந்தக் கடைசிப் படியை மட்டுமே.

வலி அங்கேயே நின்றிருந்தால் கதை எளிது. முழங்காலிலிருந்து ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்தால் தண்டுவடத்தின் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அங்கே உள்ள நரம்பு நொதி நைட்ரிக் ஆக்ஸைடைச் செய்கிறது. அந்த வாயு செய்தி வந்த நரம்புக்கே திரும்பிப் போய், இன்னும் அனுப்பு என்கிறது. கேட்பவரே சொல்பவரைத் தூண்டும் இந்தச் சுற்று நிலைத்துவிட்டால் சாதாரணத் தொடுகையும் நடையும் வலியாகின்றன. எக்ஸ்ரேயில் மூட்டு அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லையே, இந்த அம்மா ஏன் இவ்வளவு துடிக்கிறார் என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. படத்தில் தெரியாத வலியைப் பொய் என்று நினைப்பது பெரிய அநியாயம். அந்த அநியாயம் ஏழை நோயாளிக்குத்தான் அதிகம் நடக்கிறது.

இத்தனை கேடு செய்யும் நொதியை அடைத்துவிட்டால் போதாதா? 1990-களில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மாண்ட்ரியாலில் ஷான்-பியர் பெல்டியே குழுவினர், முழங்கால் தசைநார் அறுக்கப்பட்ட நாய்களுக்கு ஐ-நாஸை மட்டும் குறிவைத்து அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். குருத்தெலும்பின் சேதம் குறைந்தது. அந்த முடிவு 1998-இல் வெளியானது. அடுத்து மனிதர்கள். சிண்டுனிஸ்டாட் என்ற மாத்திரையை, உடல் எடை கூடிய, முழங்கால் வலியுள்ள 1,457 பேரைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. நோய் முற்றாத பிரிவினரில், குறைந்த அளவு மருந்து எடுத்தவர்களுக்கு முதல் ஆண்டு மூட்டு இடைவெளி குறைவது கொஞ்சம் தாமதமானது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த வித்தியாசமும் நிலைக்கவில்லை. நோய் கூடியவர்களுக்குப் பலனே இல்லை. வலியும் குறையவில்லை.

இந்தத் தோல்விக்கான எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐ-நாஸ் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு முழங்காலில் அறுவை செய்தபோது, நோய் குறைவதற்குப் பதில் வேகமாக வந்தது. ஆக அந்த நொதிக்கும் மூட்டில் ஏதோ ஒரு காக்கும் வேலை இருக்கிறது. வலியிலும் அப்படியே. வெளிநரம்புகளில் மார்ஃபின் வலியை அடக்கும் வழிகளில் ஒன்று நைட்ரிக் ஆக்ஸைடு வழியாகவே போகிறது. நைட்ரோகிளிசரின் பட்டியைக் குதிகால் தசைநார் வலிக்கு ஒட்டிப் பலன் கண்ட ஆய்வும் உண்டு. நெப்ராக்ஸன் என்ற வலி மருந்தோடு நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடும் ஒரு பகுதியைக் கட்டி, வயிற்றுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கெடுதல் குறைந்த மருந்தாகக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது; 2010-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு அனுமதி மறுத்தது. ஒரு குழு இந்த வாயுவை அடைக்க மருந்து செய்கிறது, மற்றொரு குழு அதையே கொடுக்க மருந்து செய்கிறது, இரண்டும் முழங்கால் வலிக்காக! இதைப் படித்துத் தலை சுற்றினால் வாசகரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தச் செல்லில், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதுதான் இங்கே எல்லாம். உடல் முழுக்கப் பரவும் மாத்திரைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அந்த வேறுபாடு தெரிந்த ஒன்று இருக்கிறது. குருத்தெலும்புச் செல்லின்மேல் விழும் பாரம். பன்றியின் குருத்தெலும்பை அழுத்திப் பார்த்த ஆய்வு 2001-இல் வந்தது. அழுத்தம் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூட்டியது. அதே ஆண்டில் லண்டனில் டீனா சௌத்ரி, டான் பேடர், டேவிட் லீ மூவரும் வேறு விதமாகச் சோதித்தார்கள். செல்களை அகரோஸ் கூழில் பதித்து, இன்டர்லூக்கின்-1 கொடுத்து அழற்சியை உண்டாக்கி, அதன்பின் நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மெல்ல அழுத்தி விட்டார்கள், அழுத்தி விட்டார்கள். நைட்ரிக் ஆக்ஸைடும் புரோஸ்டாகிளாண்டினும் குறைந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சுதா அகர்வால் குழுவினர் செல்களைத் தாள கதியில் இழுத்து விட்டு, ஐ-நாஸ் உருவாவதே தடைபடுவதைக் காட்டியிருந்தார்கள். நொடிக்கு ஒன்று என்பது ஏறத்தாழ நாம் நிதானமாக நடக்கும்போது ஒரு கால் தரையைத் தொடும் வேகம். ஆய்வகத் தட்டில் நடந்ததை அப்படியே மனித முழங்காலுக்கு ஏற்றிவிட முடியாது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. முழங்கால் வலிக்கு முறையான உடற்பயிற்சி வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் கூட்டுகிறது என்று எத்தனையோ சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. மலேசிய சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி உட்பட முக்கிய வழிகாட்டிகளில் அது முதல் வரிசையில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: நடக்கும்போது இரத்தக் குழாயின் உள் படலத்தில் உள்ள நல்ல நொதி கூடுதலாக வேலை செய்யும். ஆய்வகச் செல்கள் காட்டியது முழங்காலிலும் நடந்தால், அதே நடை மூட்டில் வாயுவைக் குறைத்து, இரத்தக் குழாயில் கூட்டுகிறது. எந்த மாத்திரையும் இன்றுவரை இதைச் செய்ததில்லை.

தோட்ட வேலையைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் முரண் இருப்பதுபோலத் தோன்றலாம். வாழ்நாள் முழுக்க நடந்தவர்களுக்குத்தானே முட்டி போனது? சுமையோடு குந்துவதும், ஆழமாக மடங்கிய காலை அப்படியே வைத்திருப்பதும், சரிவில் வழுக்கி ஊன்றுவதும் ஒரு வகைப் பாரம். சமதளத்தில், சுமை இல்லாமல், தாளம் மாறாமல் நடப்பது வேறு வகைப் பாரம். செல் இரண்டையும் பிரித்தறிகிறது. முப்பது ஆண்டு முதல் வகையை வாங்கியவர், ஓய்வு பெற்றதும் வலிக்குப் பயந்து இரண்டாவதையும் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளைகளும் அன்பினால்தான் சொல்கிறார்கள், "உக்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று. தொடைத் தசை மெலிகிறது, எடை ஏறுகிறது, மூட்டுக்கு அந்த மெல்லிய அழுத்தம் கிடைப்பதே இல்லை. எடை கூடும்போது விசை மட்டும் கூடுவதில்லை. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன், இன்டர்லூக்கினோடு சேர்ந்து குருத்தெலும்புச் செல்லில் ஐ-நாஸைக் கிளப்பிவிடும். ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ விசை குறைகிறது என்று 2005-இல் ஒரு கணக்கு வந்தது. மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு நாட்டின் சராசரியைவிட வெகு அதிகம். எடையையும் சர்க்கரையையும் முழங்காலையும் மூன்று தனி நோயாக மூன்று தனி நாளில் பார்க்கும் வழக்கம் இவர்களுக்கு உதவவில்லை.

கோலா குபு பாரு நடப்பதற்கென்றே திட்டமிட்ட ஊர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஈயச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்கி, பழைய கோலா குபுவை வெள்ளம் திரும்பத் திரும்ப மூழ்கடித்ததால், 1920-களில் நகரத்தை மேட்டுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். திட்டம் வரைந்தவர் சார்லஸ் ரீட். வளைந்த சாலை, மரநிழல், திறந்த திடல் என்று தோட்ட நகரமாக அமைத்தார். காலையில் அந்தத் திடலைச் சுற்றி வலி பொறுக்கும் அளவுக்கு நடப்பது முழங்காலுக்கு மருந்து. நடக்க முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கலாம். தொடைத் தசை அதில் உரமேறும். நடந்த பிறகு வலி கொஞ்சம் கூடி, மறுநாளுக்குள் தணிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டு வீங்கினாலோ வலி நாள்கணக்கில் நீடித்தாலோ அளவைக் குறைத்து, கிளினிக்கில் காட்ட வேண்டும்.

படிதான் சிக்கல். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாக வீடு கேட்டுப் போராடியவர்கள். 2024 மே மாதம் கோலா குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலிலும் அந்தக் கோரிக்கை பேசப்பட்டது. தோட்டத்தை விட்டவர்களுக்கு வீடு என்றால் மின்தூக்கி இல்லாத மலிவு விலை அடுக்குமாடியும் வீடுதான் என்று நினைப்பவர்கள், படி இறங்கும்போது முழங்காலில் விழும் அந்த 3.5 மடங்குக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். நான்காம் மாடியில் குடியேற்றப்பட்ட முழங்கால் கீழே இறங்குவதை நிறுத்திவிடும்.

இரண்டு எச்சரிக்கை. பசார் மாலாமில் விற்கும் ஜாமு மாத்திரைகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பல வகைச் செல்களில் ஐ-நாஸ் உருவாவதை ஸ்டீராய்டு தடுக்கும். இரண்டே நாளில் வலி போனதுபோல இருப்பது அழற்சியை அது மொத்தமாக அமுக்குவதால்தான். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மற்றது ஆர்ஜினின் பொடி. நைட்ரிக் ஆக்ஸைடு நல்லது என்று இதயத்துக்காகப் படித்துவிட்டு அதை மூட்டுக்கும் வாங்குவதற்கு ஆதாரமில்லை. மஞ்சளுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஆய்வகச் செல்களில், மஞ்சளில் உள்ள குர்குமின் ஐ-நாஸை அடக்குகிறது. தாய்லாந்தில் 367 முழங்கால் நோயாளிகளிடம் 2014-இல் வெளியான சோதனையில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறெடுப்பு நான்கு வாரத்தில் இபுபுரூஃபெனுக்கு ஈடாக நின்றது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. அது சாறெடுத்த மருந்து. ரசத்தில் போடும் மஞ்சள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

சிண்டுனிஸ்டாட் சோதனையில் நோய் முற்றாத முழங்காலில் மட்டும் ஓராண்டு தென்பட்ட அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் மறக்க விரும்பவில்லை. செய்ய வேண்டியது எதுவானாலும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். சீக்கிரம் என்றால் இன்று வடக்கு சிலாங்கூரில் யாருடைய முழங்கால்? ஓய்வு பெற்ற நம் தாத்தா பாட்டிகளுடையது அல்ல. செம்பனை நிரைகளில் இப்போது குந்தி எழுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுடைய குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் இன்னும் முழுசாகத் தெரியும். உதிரிப் பழத்தை நின்றபடியே உருட்டி எடுக்க நீளக் கைப்பிடி வைத்த கருவிகள் இருக்கின்றன. மோட்டார் வைத்த குலை வெட்டும் கருவியை மலேசிய செம்பனை வாரியமே உருவாக்கியிருக்கிறது. குந்தும் எண்ணிக்கையைக் குறைக்கும் கருவியைக் கொடுப்பதும், எடைக்குக் கூலி வாங்குபவர் அந்தக் கருவியைப் பிடித்தால் கூலியில் நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்வதும் தோட்ட நிர்வாகங்கள் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலைகள். நாற்பது ஆண்டு கழித்து டாக்காவிலோ மேடானிலோ ஒரு கிளினிக் வரிசையில் கேட்கவிருக்கும் முட்டி வலிக்கான முதல் சிகிச்சை அதுவே.